நான்கு கால், இரண்டு வாய்

நான்கு காலும் இரண்டு தலையும் உள்ள பிராணி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது புவெனஸ் ஐரிஸ் நகரத்தில் வசிக்கிறது. மதியம் ஒரு மணிக்கு எழுந்து, குழல் வைத்து மாத்தே என்கிற கசப்புத் தேநீரை உறிஞ்சி, தலைமயிரைப் பசை போட்டு ஒரு முடி விடாமல் வழித்து வாரி, தோளில் ஷூப் பையும் அதற்குள் மாற்றுச் சட்டை இரண்டும் புதினா மிட்டாய் ஒரு பொட்டலமுமாகப் பஸ்ஸில் கிளம்பும். இறங்குகிற இடத்தில் எல்லாம் வகுப்பு எடுக்கும். வகுப்பு இல்லாத இடத்தில் அபிப்பிராயம் சொல்லும். பிடித்துக் கூண்டில் அடைக்க முடியாது. அடைத்தால் கூண்டின் தரை சரியில்லை என்று புகார் செய்யும்.

இதற்குத் தொழில்முறை டாங்கோ ஜோடி என்று பெயர்.

ஜோடி என்றதும் கணவன் மனைவி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கணவன் மனைவியாக இருந்திருக்கலாம், இனிமேல் ஆகலாம், மூன்றாவது தடவையாக யோசித்துக்கொண்டும் இருக்கலாம். கல்யாணம் என்பது இந்த இனத்துக்கு ஜலதோஷம் மாதிரி. வரும், போகும். ஜோடி போகாது.

எவாரிஸ்தோவையும் தெல்மாவையும் பாருங்கள். அவனுக்கு நாற்பத்தொன்பது வயது, அவளுக்கு நாற்பத்தாறு. இருபது வருஷமாகச் சேர்ந்து ஆடுகிறார்கள். அதில் ஆறு வருஷம் குடித்தனமும் நடத்தினார்கள். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விவாகரத்து ஆயிற்று. அன்று சாயங்காலம் வழக்கம்போல வகுப்பு எடுத்தார்கள். அலமாரி அவனுக்கு, குளிர்சாதனப் பெட்டி அவளுக்கு, நாய் அவளுடைய அம்மாவுக்கு. எல்லாவற்றையும் பங்கு போட்டாயிற்று. அணைப்பை எப்படிப் பங்கு போடுவது? தன் கன்னத்துக்குச் சரியாகக் கன்னம் வருகிற உயரத்தில் இன்னொருத்தியை அவன் எங்கே போய்த் தேடுவான்? இருவரும் ஒரே மனநல மருத்துவரிடம்தான் போகிறார்கள், அவன் திங்கள், அவள் வெள்ளி. அந்த டாக்டர் இப்போது டாங்கோவுக்கென்றே உள்ள பாண்டோனியோன் துருத்தி வாசிக்கக் கற்றுக்கொள்வதாகக் கேள்வி.

இந்த இனத்தில் உட்பிரிவுகள் உண்டு. பிரிவு விட்டுப் பிரிவு பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கமில்லை. மார்போடு மார்பு ஒட்டி, கண்ணை மூடி, ஏதோ சாவுச் செய்தி வந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு, ஒரே தரைக்கல்லின் மேல் ஒரு பாட்டு முழுவதையும் ஆடித் தீர்ப்பவர்கள் ஒரு சாரார். மேடைக்காரர்கள் என்று இன்னொரு கூட்டம். இவர்கள் கால் காதுக்கு மேலே போகும், முன்வரிசையில் உட்காருகிறவர்கள் பல்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். புதுப்பாணிக்காரர்கள் ஒருவரை ஒருவர் கை நீளத்தில் பிடித்துக்கொண்டு, மாடிப்படியில் சோபாவை இறக்குகிறவர்கள் போல ஆளுக்கொரு பக்கம் சாய்வார்கள். கேட்டால் பௌதிகம் என்பார்கள். எவாரிஸ்தோவின் பிரிவு வேறு. "நாங்க ஆடுறதில்ல. நடக்கறோம்." இதுதான் அவர்களுடைய மந்திரம். இருபது வருஷமாக நடக்கிறார்கள், இன்னும் போய்ச் சேரவில்லை.

ஒரு பிரிவு ஆடுவது டாங்கோவே இல்லை என்று மற்ற மூன்று பிரிவும் சத்தியம் செய்யும். அப்படியானால் டாங்கோ ஆடுகிறவர்கள்தான் யார்? தாங்களும், செத்துப்போன இரண்டு பேரும்.

வகுப்பில் இவர்களைப் பார்க்க வேண்டும். கொரியாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த முப்பது பேர் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார்கள். எவாரிஸ்தோ விரலை உயர்த்துவான்.

"பொம்பள அவசரப்படக் கூடாது. காத்திருக்கணும்."

"எதுக்கு?" என்பாள் தெல்மா.

"ஆம்பள சொல்றதுக்கு."

"இவர் சொல்லி முடிக்கறதுக்குள்ள பாட்டே முடிஞ்சிரும். அதையும் எழுதிக்குங்க."

ஜெர்மன்காரி அதையும் எழுதிக்கொள்வாள்.

ஆனால் இந்த இனத்தின் உண்மையான வித்தை காலில் இல்லை. உதட்டில் இருக்கிறது. விளக்கு அணைந்து, நடுவில் மட்டும் வெளிச்சம் விழுந்து, இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறபோது, இருவரும் கண்ணை மூடி, கன்னத்தோடு கன்னம் வைத்து, உதடு ஒரு நூல்கூட அசையாமல் பேசிக்கொள்வார்கள். என்ன பேசுவார்கள் என்கிறீர்கள்?

"எடை வலது கால்ல."

"வலது கால்லதான் இருக்கு."

"அது இடது."

"உன் கை என் முதுகெலும்ப ஒடைக்குது. எந்தக் காலா இருந்தா என்ன?"

"சிரி."

"சிரிச்சுட்டுத்தான் இருக்கேன்."

முன்வரிசையில் ஒரு அம்மாள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "பிரிஞ்சும் எப்பேர்ப்பட்ட காதல் பாருங்க! நடுவுல நெருப்புல்ல எரியுது!" நெருப்பு எரிவது வாஸ்தவம்தான். எதனால் எரிகிறது என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது.

இப்படியே காலம் ஓடியிருக்கும். போன வியாழக்கிழமை எவாரிஸ்தோ எல்லை மீறினான். காட்சி ஆட்டத்தின் நடுவே, ஒரு திருப்பம் அவன் மனசுக்குத் திருப்தியாக வரவில்லை. உதட்டுக்குள் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவன் நின்றான். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று, தெல்மாவின் இரு தோளையும் பிடித்து, சுவரோரத்து பீரோவைச் சரிசெய்வது போல அரை அடி நகர்த்தி வைத்து, அந்தத் திருப்பத்தை முதலிலிருந்து மறுபடி ஆடினான். ஜனங்கள் இது ஏதோ புதுப் பாணி என்று நினைத்துக் கைதட்டினார்கள். தெல்மா ஒன்றும் சொல்லவில்லை. வீடு திரும்பும் பஸ்ஸிலும் ஒன்றும் சொல்லவில்லை. சரிதான், ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எவாரிஸ்தோ நிம்மதியாகத் தூங்கப் போனான். ஆண் பிள்ளைகள் செய்கிற தவறுகளில் இதைவிடப் பெரியதை நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அந்த ஊரில் குளிர்காலமான ஜூலை மாதத்தில், பேட்டைக் கிளப்பில் பிற்பகல் ஆட்டம். கூடைப்பந்து மைதானம்தான் தளம். வலைகளை மேலே தூக்கிக் கட்டி, தரையில் முகப்பவுடர் தூவி, ஓரத்தில் கறி அடைத்த எம்பனாடா பொரிக்கிற வாசனையோடு நான்கரை மணிக்கு ஆரம்பித்துவிடும். அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைப் பெர்லா அம்மாள் தீர்மானிப்பார். எழுபது வயது, முப்பது வருஷமாக நடத்துகிறார், ஜனாதிபதியே வந்தாலும் அவர் காட்டுகிற நாற்காலியில்தான் உட்கார வேண்டும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம், ஜோடிகள் பின்னால் மேஜையில். ஜோடி மேஜையில் உட்கார்ந்த பெண்ணை வேறு எந்த ஆணும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். பெண்கள் வரிசையில் உட்கார்ந்தால், கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

தெல்மா தனியாக வந்தாள்.

"பெர்லா, எனக்குப் பொம்பளைங்க வரிசையில நாற்காலி போடுங்க."

"ஏன்டீ, உங்க மேஜையைத் துடைச்சு வெச்சிருக்கேனே?"

"அதுல அவன் கோட்டைப் போட்டுக்கட்டும்."

அருகில் எம்பனாடாவை வாய்வரைக்கும் கொண்டுபோன ஒரு மனிதர் அதை அப்படியே கீழே வைத்தார். ஐந்து நிமிஷத்தில் மைதானம் முழுவதும் சேதி பரவிவிட்டது.

பத்து நிமிஷம் கழித்து வந்த எவாரிஸ்தோவைப் பெர்லா அம்மாள் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஆண்கள் வரிசையின் கடைசியில், கூடைக் கம்பத்துக்குக் கீழே உட்கார வைத்தார். பக்கத்து நாற்காலியில் லாவுத்தாரோ. மேடைக்காரன், முப்பத்துநாலு வயது, கால் காது வரை போகிற ரகம். அவனுடைய ஜோடி பின்லாந்தில் ஒரு பல் டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு மாதம் ஆகிறது. செப்டம்பரில் ஒசாக்காவில் ஆறு மாத ஒப்பந்தம் வேறு. ஒப்பந்தம் இருக்கிறது, ஆட ஆள் இல்லை.

"தெல்மா அங்க உட்கார்ந்திருக்காங்க போல?" என்றான் லாவுத்தாரோ.

"கழுத்து வலி. அந்தப் பக்கம் காத்து அடிக்காது."

"ஓஹோ. ஒசாக்காலயும் காத்து அடிக்காதுன்னு சொல்றாங்க."

எவாரிஸ்தோ ஏற்கெனவே படிந்திருந்த தலைமயிரை மறுபடி வழித்துவிட்டுக்கொண்டான். பயம்தான், வேறொன்றும் இல்லை. தெல்மா போய்விட்டால் இந்த வயதில் அவன் யாரோடு ஆடுவான்? மாணவிகள் இருக்கிறார்கள். அவன் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள், ஒருத்தியும் திருப்பிச் சொல்ல மாட்டாள். ஜோடி இல்லாத நடையாளன் யார்? சும்மா தெருவில் நடக்கிற ஆள்.

அவளைக் கூப்பிட்டே ஆக வேண்டும். எழுந்து போய் நேராகக் கேட்கலாமே என்பீர்கள். கூடாது. அது மகா அநாகரிகம். இருந்த இடத்திலிருந்தே கண்ணோடு கண் பார்த்து லேசாகத் தலையசைக்க வேண்டும். அவளும் அசைத்தால்தான் எழுந்து தளத்தைத் தாண்டிப் போகலாம். இருபது வருஷமாக அவன் தெல்மாவுக்குத் தலையசைத்ததில்லை, அதற்கு அவசியம் வந்ததில்லை. தவிர, எவாரிஸ்தோவுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டுக்கொண்டு டாங்கோ ஆடினவன் எவனாவது உண்டா என்கிற கொள்கையால் கண்ணாடி போடுவதில்லை. தெல்மா எப்போதும் சிவப்பு உடுத்துவாள். எதிர்வரிசையில் ஒரு சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. சிவப்பைப் பார்த்துத் தலையசைத்தான். சிவப்பும் அசைத்தது. கடவுள் இருக்கிறார் என்று எழுந்து கம்பீரமாகத் தளத்தைக் கடந்து போனான்.

சிவப்பு உடையில் எழுந்து நின்றவர், பஸ் உதிரி பாகங்கள் கடை வைத்திருக்கும் இர்மா அம்மாள். தெல்மா பக்கத்து நாற்காலியில் கரும்பச்சை உடுத்திக்கொண்டு விசிறியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து நின்ற பெண்ணை உட்காரச் சொல்ல முடியுமா? அதற்குக் கொலையே செய்துவிடலாம். ஆடினான்.

"தோளைத் தளர்த்துங்கம்மா," என்றான் முதல் பாட்டில். "மூச்சு விடுங்க," என்றான். "அவசரமே இல்ல, காத்திருங்க," என்றான் இரண்டாவது பாட்டில்.

"மாஸ்டர்," என்றார் இர்மா அம்மாள், "வாரம் பூரா கியர்பாக்ஸ் கேக்கறவங்க பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போய்த்தான் ஞாயித்துக்கிழமை இங்க வர்றேன்."

"உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். அந்த இடது குதிகால் மட்டும்..."

"நான் போய் உட்கார்ந்துக்கறேன்."

போயே விட்டார். ஒரு சுற்றுக்கு நான்கு பாட்டு. இரண்டாவதோடு ஒரு ஆணை நடுத்தளத்தில் விட்டுவிட்டுப் போவது, பந்தியில் சோறு போட்டபின் இலையை உருவுவது மாதிரி. அதுவும் ஒரு மாஸ்டரை! எவாரிஸ்தோ தன்னந்தனியாகப் பதினான்கு மீட்டர் தளத்தையும் திரும்பி நடந்தான். நடையாளர்களின் வரலாற்றிலேயே அவ்வளவு நீளமான நடையை யாரும் நடந்திருக்க மாட்டார்கள்.

அவன் வந்து உட்கார்ந்து, அடுத்த சுற்று ஆரம்பிக்கையில் பார்க்கிறான், பக்கத்து நாற்காலி காலி. லாவுத்தாரோ தெல்மாவோடு தளத்தில் நிற்கிறான்.

கண்ணை இடுக்கிக்கொண்டு எவாரிஸ்தோ நான்கு பாட்டையும் பார்த்தான். தெல்மா சிரித்தாள். கால்கள் பறந்தன. நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். மூன்றாவது பாட்டில் ஒரு இடத்தில் அவள் குதிகால் ஒரு இம்மி தாமதமாக வந்ததை அவன் உணர்ந்தான். கிட்டப்பார்வைக்காரன், கம்பத்துக்கு அடியிலிருந்து! அங்கிருந்த இருநூறு பேரில் வேறு ஒருவருக்கும் அது தெரியவில்லை. லாவுத்தாரோவுக்கும் தெரியவில்லை. ஒசாக்காவில் ஆறு மாதம் அந்தக் குதிகால் தாமதமாக வந்துகொண்டே இருக்கும், சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். இதை நினைத்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், அந்த மனிதனுக்குக் காதல் என்றால் அதுதான்.

ஆறரை மணிக்குப் பெர்லா அம்மாள் மைக்கைப் பிடித்து, இப்போது எவாரிஸ்தோ, தெல்மா காட்சி ஆட்டம் என்று அறிவித்தார். தொழில் என்றால் தொழில். தெல்மா நடுவுக்கு வந்தாள். அவன் அருகில் வந்ததும், கையைக் கொடுக்காமல் சொன்னாள்:

"மூணு பாட்டு. வாயத் திறக்கக் கூடாது."

"தப்பு வந்தா?"

"வரட்டும்."

"பெரிய தப்பா வந்தா?"

"ஒரு வார்த்தை பேசினியோ, அந்த இடத்துலயே விட்டுட்டு லாவுத்தாரோகிட்டப் போயிடுவேன். ஒசாக்காவுக்குக் கூப்பிடறான். இன்னிக்கே பதில் சொல்லணும்."

பாட்டு ஆரம்பித்தது. முதல் பாட்டில் பதினோரு திருத்தங்கள் நாக்கு நுனிக்கு வந்தன. பதினொன்றையும் மீன் முள் விழுங்குவது போல விழுங்கினான், நெற்றி வியர்த்துவிட்டது. இரண்டாவது பாட்டில் ஏழுதான் வந்தன. பேசாமல் இருந்ததால் வேறு சத்தங்கள் கேட்டன: தரையில் பவுடர் உரசுகிற ஓசை, அவள் மூச்சு. இடப்பக்கம் திரும்பும்போது அந்த மூச்சு ஒரு கணம் நின்று நின்று போயிற்று. ஏன் என்று யோசித்தான். அவனுடைய வலது கைதான். திருப்பத்தில் எல்லாம் அந்தக் கை அவள் முதுகைக் கதவைத் தள்ளுவது போலத் தள்ளிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாகவோ! கையைத் தளர்த்தினான். திருப்பம் தானாக வந்தது, வழுக்கிக்கொண்டு வந்தது. மூன்றாவது பாட்டில் எத்தனை திருத்தம் என்று அவனுக்கே தெரியாது, எண்ண மறந்துவிட்டான்.

அந்த இருபது வருஷத்தில் அவர்கள் ஆடியதிலேயே அதுதான் சிறந்த ஆட்டம். என் வார்த்தையை நம்பலாம்.

கைதட்டல்? நகரசபை உறுப்பினர் பேசி முடித்தால் தட்டுவார்களே, அந்த மாதிரி. முன்வரிசை அம்மாள் கைக்குட்டையைப் பையிலேயே வைத்திருந்தாள்.

"என்ன ஆச்சு இவங்களுக்கு?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். "ஒட்டவே இல்லையே. அந்த நெருப்பு போயே போச்சு."

பெர்லா அம்மாள் மைக்கை நீட்டிக்கொண்டே வந்து எவாரிஸ்தோவின் காதில், "உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா? முகம் கொடுத்துப் பேசிக்காதவங்க மாதிரி ஆடறீங்க!" என்றார்.

காட்சி முடிந்ததும் மாஸ்டர் இரண்டு வார்த்தை பேசுவது மரபு. எவாரிஸ்தோ மைக்கை வாங்கிக்கொண்டு தெல்மாவைப் பார்த்தான். மூன்று பாட்டு முடிந்தது, பேசித் தொலை என்பது போல அவள் புருவத்தை உயர்த்தினாள்.

"இன்னிக்கு..." என்றான். மைக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். "இன்னிக்கு ரெண்டாவது பாட்டுல, மூணாவது திருப்பத்துல, ஒரு தப்பு வந்துச்சு. அது என் தப்பு. கைய இறுக்கிட்டேன். ரொம்ப வருஷமாவே இறுக்கிட்டிருக்கேன் போலருக்கு. எனக்குத் தெரியல. தெல்மா, மன்னிச்சிரு."

புவெனஸ் ஐரிஸில் ஒரு டாங்கோ மாஸ்டர் மைக்கில் தன் தப்பு என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. தெல்மாவின் கண் கலங்கிற்று. மெல்ல மைக்கின் பக்கம் சாய்ந்தாள்.

"நாலாவது."

"என்ன?"

"மூணாவது இல்ல. நாலாவது திருப்பம்."

"மூணாவதுதான் தெல்மா. பியானோ தனியா வர்ற எடம்."

"பியானோ வர்றது நாலாவதுல. மூணாவதுல வயலின்."

"நான் எண்ணிக்கிட்டுத்தானே இருந்தேன்!"

"நீ என் தப்ப எண்ணிக்கிட்டிருந்த. திருப்பத்த எண்ணினது நானு."

மைதானம் அதிர்ந்தது. "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று நாற்காலியைத் தட்டினார்கள். நான்காவது பாட்டு ஓடிற்று. இருவரும் கண்ணை மூடி, கன்னத்தோடு கன்னம் வைத்து, வயலினா பியானோவா என்று உதடு அசையாமல் முதலிலிருந்து கடைசிவரை சண்டை போட்டுக்கொண்டே ஆடினார்கள். கை மட்டும் தளர்வாக இருந்தது. முன்வரிசை அம்மாளுக்குக் கைக்குட்டை போதாமல் கணவருடையதையும் வாங்கிக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்து வந்த தெல்மாவை லாவுத்தாரோ வழியில் மறித்தான்.

"ஒசாக்கா என்ன ஆச்சு?"

"நாலு பாட்டு ஆடினோம் தம்பி. நாலுக்கும் 'அருமை, அருமை'ன்னே சொன்ன. அத ஆறு மாசம் கேட்டா நான் செத்துப் போயிடுவேன். மூணாவது பாட்டுல என் குதிகால் லேட்டு. கவனிச்சியா?"

"இல்லையே..."

"அவன் கவனிச்சிருப்பான்," என்று சொல்லிவிட்டு, எவாரிஸ்தோ போய் உட்கார்ந்திருந்த அவர்களுடைய பழைய ஜோடி மேஜைக்குப் போய் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள், "குதிகால் தானே? தெரியும்," என்றாள்.

என்னவோ எங்கேயோ இருக்கிற கூத்தாடிகளின் கதை என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறீர்கள். இருங்கள். காரில் அடுத்தவர் ஓட்டும்போது இல்லாத பிரேக்கை நீங்கள் மிதிப்பதில்லையா? விருந்தாளிக்கு உங்கள் வீட்டுக்காரர் ஊர்ப்பயணக் கதையைச் சொல்லும்போது, புலி வருகிற இடத்தில் குறுக்கிட்டு, "அது செவ்வாய்க்கிழமை இல்ல, புதன்," என்றது யார்? இதைப் படித்துக்கொண்டே, "அப்படியே நம்ம வீட்டு ஆளேதான்," என்று சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. இப்போது இதை அந்த ஆளிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் சிரிப்பு வருகிறது, சிரித்துவிட்டு யாரைப் பார்க்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.